வக்கீலின் தர்மசங்கடம்

நம் நாட்டில் ஒரு வக்கீல் தவறு செய்துவிட்டால் அவரைத் தண்டிக்க ஒரு சபை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அதை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. மாநிலப் பார் கவுன்சிலில் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு உட்கார்ந்து விசாரிக்கும். கண்டித்து அனுப்பலாம், சில காலம் தொழில் செய்யாதே என்று நிறுத்தி வைக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அதற்கு மேல் டில்லியில் இந்தியப் பார் கவுன்சில். அதற்கும் மேல் சுப்ரீம் கோர்ட். தண்டனைக்கு இத்தனை படிகள் கட்டியவர்கள், "ஐயா, நான் செய்யப் போவது சரியா, தவறா?" என்று முன்கூட்டிக் கேட்க வருகிறவருக்கு உட்கார ஒரு திண்ணைகூடக் கட்டி வைக்கவில்லை.

இது வக்கீல்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி, கதை படிக்கிற நமக்கு இதில் என்ன என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பத்திரம் யாருடைய பீரோவில் இருக்கிறது? உங்கள் பெண்ணின் ஜீவனாம்ச வழக்கில் கணவனிடம்கூடச் சொல்லாத ரகசியங்களை அவள் யாரிடம் சொல்லியிருக்கிறாள்? அந்த மனிதருக்கு ஒரு சந்தேகம் வந்து, கேட்க இடமில்லாமல், அவராக ஒன்றை ஊகித்து அந்த ஊகம் தப்பிப் போனால் அவருக்குச் சன்னது போகும். உங்களுக்கு வீடு போகும்.

விதிகள் இல்லாமல் இல்லை. வழக்கு ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசி பீஸ் வாங்கக் கூடாது. தானே சாட்சி சொல்ல நேரும் என்று தோன்றும் வழக்கை ஏற்கக் கூடாது. விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்றெல்லாம் இந்தியப் பார் கவுன்சில் வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த விதிகளின் முகப்பிலேயே ஒரு வாசகம் உண்டு. இங்கே சொல்லாமல் விட்டதால் வேறு கடமைகளே இல்லை என்று எண்ணிவிடாதே என்பது அதன் கருத்து. தண்டனை தரும் 35-ஆம் பிரிவோ, 'தவறான நடத்தை' என்றால் இன்னது என்று இலக்கணம் சொல்வதில்லை. எழுதியதை மீறினாலும் குற்றம், எழுதாததை மீறினாலும் குற்றம். இதை நான் குறை சொல்லவில்லை. ஒழுக்கம் முழுவதையும் காகிதத்தில் எழுதி முடித்தவன் உலகத்தில் கிடையாது. ஆனால் எழுதாத விதிக்கு ஒருவரைக் கட்டுப்படுத்துகிறவர்கள், அவர் கேட்டால் வாய் திறந்து பதிலாவது சொல்ல வேண்டாமா?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கிக்குச் சட்ட ஆலோசகராக இருந்த வக்கீல் ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1993-இல் வங்கி அவரை நீக்கிவிட்டு, வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கொடு என்றது. எனக்கு வர வேண்டிய பீஸ் 97,100 ரூபாயைக் கீழே வை, கட்டுகளை எடுத்துக்கொள் என்றார் அவர். பீஸ் வரும்வரை கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இங்கிலாந்தில் சாலிஸிட்டர்களுக்கு உண்டு. இந்திய வக்கீலுக்கு உண்டா, இல்லையா? நம் சுப்ரீம் கோர்ட் அதுவரை தெளிவாகச் சொன்னதில்லை. வங்கி புகார் செய்தது. மாநிலப் பார் கவுன்சில் ஒரு வருஷத்துக்குள் விசாரித்து முடிக்காததால், சட்டப்படி புகார் டில்லிக்குப் போயிற்று. பதினெட்டு மாதம் தொழில் செய்யக் கூடாது, ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அங்கே தீர்ப்பாயிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இந்திய வக்கீலுக்கு அப்படி ஓர் உரிமை இல்லவே இல்லை என்று நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். ஆனால், உரிமை இருப்பதாக அவர் நல்லெண்ணத்தோடு நம்பியிருக்கலாம் என்று கருதித் தண்டனையை வெறும் கண்டனமாகக் குறைத்தார்கள்.

ஏழு வருஷம்! வங்கிக்கும் அலைச்சல், வக்கீலுக்கும் அவமானம். ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள இந்தத் தேசத்தில் இதுதான் வழி. முதலில் தவறு செய்து பார்க்க வேண்டும். பிறகு தண்டனையிலிருந்து பாடம் கற்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்றால், நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. 1912-இல் நியூயார்க் கவுண்டியின் வக்கீல் சங்கம், சந்தேகம் கேட்டு எழுதும் வக்கீலுக்குப் பதில் எழுத ஒரு கமிட்டியை உட்கார வைத்தது. 1924-லிருந்து அமெரிக்கப் பார் சங்கத்தின் கமிட்டியும் அபிப்பிராயங்களை வெளியிட்டு வருகிறது. பிறகு பல மாநிலங்களில் இந்த வழக்கம் பரவிற்று.

அதன் முறை எளிமையானது. கேட்கிறவர் தாம் செய்யப் போகும் காரியத்தைப் பற்றித்தான் கேட்கலாம். செய்து முடித்ததைப் பற்றியல்ல, பக்கத்து அறை வக்கீல் செய்வதைப் பற்றியும் அல்ல. கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் தகராறில் கமிட்டி பொதுவாகத் தலையிடாது. பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேள்வியின் சாரத்தையும் பதிலையும் அச்சிட்டுவிடுவார்கள். அடுத்த வக்கீல் அதே சந்தேகத்தோடு அலைய வேண்டியதில்லை. அவசரக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. இங்கிலாந்திலும் பாரிஸ்டர்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் அமெரிக்கக் கமிட்டி எதைப் பற்றிச் சொல்லிற்று தெரியுமா? செயற்கை அறிவு யந்திரத்திடம் கட்சிக்காரரின் ரகசியத்தைக் கொடுக்கலாமா, யந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்துக்கும் பீஸ் வாங்கலாமா என்று! நம் ஊர் ஜூனியர்கள் அதே யந்திரத்தை வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் காப்பிக் கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 1973-இல் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் காரோ என்ற கொலைகாரனுக்கு ஃபிராங்க் அர்மானி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற இருவர் வக்கீல்களாக இருந்தார்கள். ஒரு கொலைக்காகப் பிடிபட்டவன், இன்னும் இரண்டு பெண்களைக் கொன்றதையும், உடல்கள் கிடக்கும் இடத்தையும் அவர்களிடம் சொன்னான். அவர்கள் போய்ப் பார்த்தார்கள். கண்ணால் கண்டார்கள். திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டார்கள். காணாமல் போன பெண்களில் ஒருத்தியின் தகப்பனார் தேடி வந்து, என் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரிந்தும் சொல்லவில்லை. நாவல் எழுதுகிறவன் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் தகப்பன். இந்தப் பக்கம் ஒரு மனிதன், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1974-இல் விசாரணைக் கூண்டில் காரோவே உண்மையைச் சொன்னபோது ஊர் கொதித்தது. பெல்ஜ் மீது, சாவைத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். 1975-இல் அது தள்ளுபடியாயிற்று. அவர்கள் நடந்துகொண்டது தொழில் தர்மப்படி சரிதான் என்று மாநில வக்கீல் சங்கத்தின் கமிட்டி அபிப்பிராயம் வெளியிட்டது 1978-இல். அதற்குள் பெல்ஜ் வக்கீல் தொழிலையே விட்டுப் போனார். அர்மானியின் தொழில் நொறுங்கிப் போயிருந்தது. திண்ணை இருந்தும் பதில் காலத்தில் வரவில்லை என்றால் என்ன கதி என்பதற்கு இது சாட்சி. திண்ணையே இல்லாத நம்மை என்னவென்பது?

"சீனியரைக் கேட்டுக்கொள்வதுதானே?" என்பார்கள். சீனியரைப் பற்றியே சந்தேகம் வந்தால் ஜூனியர் யாரைக் கேட்பது? அது போகட்டும். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் 132-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பெரிய வக்கீலிடம் முழுக் கதையையும் கொட்டினால் அதுவே ஒரு தவறாகிவிடாதா? அமெரிக்க மாதிரி விதிகளில் இதற்கென்றே ஓர் அனுமதி இருக்கிறது. விதிப்படி நடக்க வழி கேட்பதற்காக, தேவையான அளவு சொல்லலாம்.

"அயோக்கியர்கள் கமிட்டியின் பதிலைக் குடையாகப் பிடித்துக்கொள்வார்கள்" என்பது இன்னொரு வாதம். பிடிக்கட்டுமே! பொய்யைச் சொல்லி வாங்கிய பதில் பொய்க்குத்தான் பொருந்தும். நடந்த உண்மைக்குப் பொருந்தாது. கமிட்டியின் அபிப்பிராயம் யோசனைதான், தீர்ப்பு அல்ல. தவிர, அயோக்கியன் எங்கே கேட்கப் போகிறான்? சந்தேகம் வருவதே யோக்கியனுக்குத்தான். அவனைத்தான் நாம் நடுத்தெருவில் நிற்க வைத்திருக்கிறோம்.

பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தண்டிக்கும் குழுவில் இல்லாத மூன்று பழுத்த வக்கீல்கள், ஒரு குமாஸ்தா, ஒரு விலாசம், பதினைந்து நாளில் பதில், வருஷத்துக்கு ஒரு தடவை பெயர் நீக்கி அச்சிட்ட சிறு புத்தகம். புத்தகத்தை நம்மைப் போன்றவர்களும் விலை கொடுத்து வாங்கலாம். வக்கீல்களின் மனசாட்சி எங்கே இடறுகிறது என்று கட்சிக்காரர்களுக்கும் தெரியட்டும். இப்படி ஒன்று 1993-இல் இருந்திருந்தால் அந்த வங்கி வக்கீலுக்குப் போயிருக்க வேண்டிய பதில் ஒரு கார்டில் அடங்கும்: "கட்டுகளைக் கொடுத்துவிடும்; பீஸுக்குத் தனியாக வழக்குப் போடும்."