பென்னிகுக் என்று பெயர் வைத்தால் என்ன?

தேனி மாவட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 'பென்னிகுக்' என்று பெயர் வைப்பதை வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. வெள்ளைக்காரன் பெயர், வாயில் நுழையாது, அடிமைப் புத்தி என்பார்கள். ராசிங்காபுரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிள்ளைகளின் பெயர்களை விண்ணப்பத்தில் அடிப்பதே என் பிழைப்பு. என் கட்சி வேறு.

எங்கள் பக்கம் தாத்தா பெயர் வைப்போம், இல்லாவிட்டால் குலசாமி பெயர். நன்றிக்கடன் பட்டவர் பெயரும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றை 1887 முதல் 1895 வரை மல்லுக்கட்டி முல்லைப்பெரியாறு அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் ஜான் பென்னிகுக். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீரால் 14,707 ஏக்கர் இருபோகம் காண்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ஐ ஒட்டியே பொங்கலும் வருவதால் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் அதே நாளில்தான் லோயர் கேம்பில் அவருடைய மணிமண்டபம் திறக்கப்பட்டது.

எங்கள் ஊர் அந்த இருபோகப் பரப்பில் இல்லை. போடி வட்டாரத்துக்கு 18-ம் கால்வாய்த் தண்ணீர் கேட்டு மனு எழுதுகிற பக்கம் நாங்கள். மழையும் கிணறும் கைவிட்டால் விடியற்காலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். அப்படியிருந்தும் இங்கேயும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். தண்ணீருக்கு ஏங்குகிறவனுக்குத்தானே தண்ணீர் கொண்டுவந்தவன் அருமை தெரியும்!

"டேம் கட்டுன தொரை பேருண்ணே, நீங்களே பாத்து எழுதுங்க" என்பார்கள். அங்கேதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் பென்னிகுக், ஆதாரில் பென்னிகுவிக், பள்ளிக்கூடத்தில் பென்னிகுயிக். பத்தாம் வகுப்பு வரும்போது அந்தப் பையனின் அப்பா கூலியை விட்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் பதியலாம்; அதன்பின் 15 வருடம்வரை தாமதக் கட்டணம். எந்த எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் 'பென்னிகுக்' போதும். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் உண்டு; அங்குள்ளவர்கள் அதைப் 'பெனிகுக்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பகுதியின் பழைய மொழியில் குயில் குன்று என்று பொருளாம். ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகி, போடி மலையடிவாரத்துக்கு வந்து பையனின் சொந்தப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் அவருக்கு வைத்த ஜானை மட்டும் நாம் விட்டுவிட்டோம். ஜான் என்று கூப்பிட்டால் எந்த ஜான் என்று யாருக்குத் தெரியும்?

பெயரோடு கொடுக்கிற கதையில்தான் எனக்கு மனத்தாங்கல். சீமையில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். செலவு அரசுப் பணம். அந்தக் காட்டில், மலேரியாவிலும் வெள்ளத்திலும் வேலையைக் கைவிடாமல் முடித்ததே அவருக்குப் போதுமான பெருமை. கட்டுக்கதை எதற்கு? அங்கே செத்துப்போன கூலியாட்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை. இதே அணைக்காகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சண்டை மூண்ட 2011 டிசம்பரில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் தோட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கினார்கள். மலைக்கு அப்பால் கேரளத்தில்தான் அவர்களுக்குச் சம்பளம். இந்தப் பெயரைச் சண்டைக்கொடியாகப் பிடிக்கிறவர்கள் அதையும் நினைக்க வேண்டும்.

இன்னொரு பெயரும் இருக்கிறது. பென்னிகுக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1789-ல், இந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. பணம் இல்லாமல் யோசனை நின்றுபோனது. பெரிய பையனுக்குப் பென்னிகுக் என்று வைத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்தவன் பிறந்தால் முத்திருளப்பன் என்று வையுங்கள். எழுத்துப்பிழையே வராது, நான் பொறுப்பு.