வேற்றுலகத்தார் நம் உலகை நாடும் நெறி

விண்மீன்களைச் சூழ்ந்து சுழலும் கோள்களுள் யாதானும் ஒன்றில் நம்மினும் அறிவான் மேம்பட்டார் உளரோ இலரோ என்பது இன்னும் துணியப்படாத வினா. ஆயினும், உளராயின் அவர் பிற உலகங்களை எங்ஙனம் ஆராய்வர் என்பதை ஒருவாறு உய்த்துணரலாம். கதைகளும் திரைப்படங்களும் கூறும் விடை நாம் அறிந்ததே. சுடர்விடும் வட்டக் கலமொன்று நள்ளிரவில் வயல்வெளியில் இறங்கும். பெருந்தலையும் பெருவிழியும் உடையார் சிலர் அதனின்று வெளிப்படுவர். நும் அரசர் யாவர் என வினவுவர். இக்காட்சி கேட்டற்கு இனிதே. ஆனால் நடக்கத்தக்கது அன்று. மேம்பட்டார் முதற்கண் வாரார், தொலைவில் நின்று நோக்குவர் என்பதே எம் துணிபு.

இதற்குக் காரணம் தொலைவேயாம். ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அத்துணை விரைவுடைய ஒளியும் ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனாகிய பிராக்சிமா சென்டாரியிலிருந்து நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. 1977ஆம் ஆண்டில் மாந்தர் ஏவிய வாயேஜர் 1 என்னும் கலம் நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் செல்கின்றது. அவ்விரைவில் அத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். உணவும் நீரும் காற்றும் சுமந்து, தலைமுறை தலைமுறையாக இருளில் மிதந்து, ஈற்றில் ஒரு வெறும் பாறையை அடைதல் அறிவுடையார் செயலாகுமோ? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஓர் உலகிற்கு அதன் ஒளிக்கீற்று ஒன்றே பதம் ஆகும்.

ஒளி எங்ஙனம் பதம் கூறும் என்பார்க்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த குண்டூர் முதலிய இடங்களில் அறிஞர் ஞாயிற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தனர். அவ்வாண்டு ஆராய்ச்சிகளில் புலப்பட்ட மஞ்சள் வரியொன்று ஹீலியம் என்னும் புதுப்பொருளைக் காட்டிற்று. அப்பொருள் நிலவுலகில் பிரித்தறியப்பட்டதோ 1895ஆம் ஆண்டில். கைக்கு எட்டாமுன் கண்ணுக்கு எட்டியது அன்றோ?

இனி, வேற்றுலகத்தார் நம் புவியை நோக்கின் யாது காண்பர்? இதனை 1990ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று மாந்தரே சோதித்தறிந்தனர். வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ என்னும் கலம் அன்று புவியை அணுகிக் கடந்தது. புவியை முன்பின் அறியாதார் போல நின்று, அக்கலம் கண்டவற்றைக் கார்ல் சேகனும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்கலம் எடுத்த படங்களில் நாகரிகத்தின் தெளிவான சுவடு புலப்படவில்லை. மாடமும் கோபுரமும் அதற்குத் தோன்றவில்லை. ஆனால் வானொலி அலைகள் கேட்டன. இலைப்பச்சையின் அடையாளம் தெரிந்தது. காற்றில் பிராணவாயுவும் மீதேன் வாயுவும் ஒருங்கே இருந்தன. பிராணவாயு மிக்க காற்றில் மீதேன் நெடுங்காலம் நில்லாது. ஏறக்குறைய பத்தாண்டளவில் சிதைந்தொழியும். ஆதலின் அது குறையாதிருப்பின், இடையறாது ஊட்டுவது ஏதோ ஒன்று கீழே உண்டென்பது தேற்றம்.

அங்ஙனம் ஊட்டுவனவற்றுள் ஒன்று நம் நெல்வயல். வெண்ணாற்றினின்று கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு எம் நீடாமங்கலத்தின் அருகே உள்ளது. அவ்வாறுகளின் நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாமையால், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மீதேனை விளைக்கின்றன. அது நெற்பயிரின் உள்ளறைகள் வழியே மேலேறிக் காற்றிற் கலக்கின்றது. சதுப்பு நிலமும் கால்நடையும் சுரங்கமும் இவ்வாயுவைத் தருதலின், எம் ஊர் தனித்துத் தோன்றும் என்று யாம் கூறோம். ஆயினும் புவியில் உயிர் உண்டென்று வானுக்கு உரைக்கும் குரல்களுள் குறுவைச் சேறும் சம்பாச் சேறும் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

இந்நெறியில் நம் நாட்டாரும் புகுந்துவிட்டனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று ஏவப்பெற்ற சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் ஆவார். அதன் இறங்குகலம் ஆகஸ்டு 23 அன்று திங்களின் தென்முனைப் பக்கத்தில் இறங்கியது யாவரும் அறிவர். பலர் அறியாதது ஒன்றுண்டு. திங்களைச் சுற்றிய உந்துகலத்தில் ஷேப் என்னும் கருவி இருந்தது. புவியை வேற்றுலகம்போல் நோக்கி, உயிர் வாழ்தற்குரிய கோளின் ஒளி எத்தகையது எனப் பயில்வதே அதன் தொழில்.

நோக்கியபின் அனுப்பத் தகுவது பொறியே. பொறிக்குப் பசியில்லை, மூப்பும் மெல்ல வரும். அதனையும் அடக்கத்தோடு செலுத்தல் வேண்டும். பிற கோள்களைத் தீங்குறும்வகை மாசுபடுத்தலாகாது என்பது 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை. சனியை ஆராய்ந்த காசினி என்னும் கலம், உயிர் வாழக்கூடிய அதன் துணைக்கோள்களில் தவறி விழுந்து மாசுபடுத்தாதவாறு, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று சனியின் காற்றுமண்டலத்தில் வீழ்த்தி எரிக்கப்பட்டது. நாமே இத்துணை அஞ்சி ஒழுகுவோமாயின், நம்மினும் மேம்பட்டார் எத்துணை அஞ்சுவர்!

ஆயினும் தொலைநோக்கிற்கு ஓர் எல்லை உண்டு. நூறு ஒளியாண்டுத் தொலைவில் நின்று நம்மை இன்று நோக்குவார் காண்பது, 1924ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளத்தை ஒட்டிய காலத்துப் புவியையே. 1934ஆம் ஆண்டில் முடிவுற்ற மேட்டூர் அணை அவர்க்கு இன்னும் எழவில்லை. அன்றியும், வயல் பசுமையாயுள்ளது என்பதை ஒளி கூறும்; அவ்வயலுக்காக உழவன் பட்ட கடனைக் கூறாது. மீதேன் எழுவதை நிறமாலை காட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டின் அவ்வாயு குறையும் என்றறிந்தும், கால்வாயில் நீர் வரும் நாள் தன் கையிலில்லாமையால் தேக்கி வைக்கும் உழவனின் அச்சத்தைக் காட்டாது.

இவற்றை அறியாமை வேற்றுலகத்தார்க்குக் குற்றமன்று. அவர்க்கு வேறு வழியில்லை. நமக்கோ வழியுண்டு. வரப்பு நம் வீட்டு வாயிலிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது. கல்லூரியிற் பயிலும் நாம் உழவரைப் புள்ளிவிவரங்களில் மட்டும் கண்டு அமைவோமாயின், அருகிருந்தும் அயலுலகத்தார் ஆவோம். வரும் விடுமுறையில் ஊர்க்குச் செல்லும் நண்பர்காள்! நும் வயலில் நீர் எத்தனை நாள் நிற்கின்றது, ஏன் நிற்கின்றது என்று அங்கு நிற்பாரைக் கேண்மின். எத்துணைச் சிறந்த தொலைநோக்கியும் கேட்க இயலாத வினா அது.