"உயரம் போதாது" என்கிறவர்களுக்கு

நுவரெலியா, ஹட்டன் பக்கம் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும்: "தோட்டத்துப் பிள்ளைகள் கட்டை. ஓடச் சொல்லுங்கள், ஓடுவார்கள். இதற்கு உயரம் வேண்டுமே!" பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பில் சரியானது ஒன்றுதான்: கூடை 10 அடி உயரத்தில் இருக்கிறது.

கட்டையாக இருப்பது பரம்பரை என்பது முதல் பிழை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வுப்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 17 வீதம். பெருந்தோட்டங்களில் அது 32 வீதம். இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்த சிறு குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்து பார்த்தது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்ந்தார்கள். 2006இல் வந்த வளர்ச்சி அட்டவணைகளுக்கு அதுவே அடிப்படை. ஆகவே லயத்துப் பிள்ளையின் உயரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது தாயின் போசாக்கையும் வீட்டுக்கு வரும் நாள் சம்பளத்தையும்தான், பாட்டன் பூட்டனை அல்ல.

பன்னிரண்டு வயதில் சுவரோரம் நிறுத்தி அளந்தால் எதிர்காலம் தெரிந்துவிடும் என்பது அடுத்தது. 2012இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.வின் தெரிவில் முதலாவதாக எடுக்கப்பட்ட அந்தோனி டேவிஸ், உயர்நிலைப் பாடசாலைக்குள் நுழையும்போது பந்தைக் கொண்டுபோகும் காவல் ஆட்டக்காரர். அங்கே படிக்கும்போதுதான் 8 அங்குலம் அளவில் வளர்ந்தார். உயரம் பிந்தி வந்தது. குட்டையாக இருந்த காலத்தில் பழகிய கைவேலை கூடவே இருந்தது.

உயரம் இருந்தால் மட்டும் போதுமா? பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015இல் டல்லஸ் மாவரிக்ஸ் 52ஆவது இடத்தில் அவரைத் தெரிவு செய்தது, என்.பி.ஏ.வுக்குத் தெரிவான முதல் இந்தியர் அவர். ஆனால் அங்கே ஒரு பருவகாலப் போட்டியில்கூட அவர் ஆடவில்லை. 5 அடி 3 அங்குலம் உள்ள மக்ஸி போக்ஸோ அதே அரங்கில் 14 பருவகாலங்கள் ஆடினார். நம் நாட்டில் உயரத்துக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது யாழ்ப்பாணத்து வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை. அந்த ஆட்டத்திலும் குறிபார்த்து எறிய வேண்டும். இலங்கை 2009, 2018 ஆசியக் கிண்ணங்களை வென்ற அணிகளில் அவர் நின்றது உயரத்தால் மட்டுமல்ல, தவறாத குறியாலும்.

"மலையகத்திலிருந்து யார் அந்த அளவுக்குப் போனார்?" என்று கேட்பவர்களுக்கு கிரிக்கெட் வீரர் முரளிதரன் வழக்கமான பதில். அதில் ஒரு திருத்தம் தேவை. தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் அவருடைய பாட்டனார்; முரளி கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவரின் மகன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். லயத்துப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. இருந்தாலும் கவனிக்க ஒன்று உண்டு. 14 வயது வரை அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் இல்லையென்றால் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் ஏது?

கடைசி வாதம் "போக வழியில்லை" என்பது. பாதி உண்மை. இலங்கையில் முழுநேரத் தொழில்முறை லீக் இல்லை. பாடசாலையை விட்டபின் முப்படை அணிகளும் வர்த்தக நிறுவன அணிகளும்தான் படிகள். சரிவு நிலத்தில் முழு மைதானம் கேட்பதும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மூவர் ஆட்டத்துக்கு ஒரு கூடையும் 15க்கு 11 மீற்றர் சமதரையும் போதும். அது 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் இலங்கை அணிகளும் அதை ஆடின.

விளையாட்டு ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். பெயரை வெட்டுமுன் கை நீளத்தை அளந்து பாருங்கள், இடக்கையால் பந்து தட்டச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்.