அஞ்சாம் நம்பர் ட்யூப்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் பிரசவ வார்டில். ஓய்வு பெற்ற பிறகும் போன் வருவது நிற்கவில்லை. விரல் வெட்டு, கண்ணில் இரும்புத் துகள் போன்றவை அடுத்த சிஸ்டருக்குப் போய்விட்டன. எனக்கு வருவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சிஸ்டர், எனக்குப் பால் பத்தல."

இதற்கு நம் பக்கத்தில் பதில் தயாராக இருக்கும். ஊரிலிருந்து மாமியார் பூண்டு, பால்சுறா என்பார். பக்கத்து வீட்டு அக்கா டப்பா பால் என்பாள். மருந்துக்கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை எடுத்து வைப்பார். பூண்டையும் சுறாவையும் நான் குறை சொல்ல மாட்டேன், நன்றாகச் சாப்பிடட்டும். பாட்டிலோடுதான் எனக்குச் சண்டை.

பால் சுரப்பது மார்பு காலியாவதைப் பொறுத்தது. குழந்தை சப்பி எடுக்க எடுக்கத்தான் ஊறும். பாட்டிலில் வயிறு நிறைந்த குழந்தை அடுத்த மூன்று மணி நேரம் தூங்கும். மார்பு காலியாகாமல் கிடக்கும், உடம்பும் "இவ்வளவு போதும் போல" என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பத்து நாளில் பால் பத்தல என்பது நிஜமாகிவிடும். நம் சங்கும் பாலாடையும் பாட்டிலை விட எவ்வளவோ மேல், கழுவுவதும் சுலபம். ஆனால் அவையும் குழந்தையின் வயிற்றைத்தான் நிரப்பும். மார்பில் சப்புதல் நடக்காது.

நான் சொல்லும் வழி மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. "அஞ்சாம் நம்பர் இன்ஃபன்ட் ஃபீடிங் ட்யூப்" என்று கேட்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்தும் அதே மெல்லிய குழாய். அதன் ஒரு முனையை மார்புக் காம்பை ஒட்டி வைத்து, சின்னத் துண்டு பேப்பர் பிளாஸ்டரால் ஒட்ட வேண்டும். மறுமுனை கிண்ணத்தில். கிண்ணத்தில் தாயே பீய்ச்சி எடுத்த பால். அது போதாவிட்டால், டாக்டர் சொல்லியிருந்தால், மாவுப் பால். குழந்தை காம்பையும் குழாயையும் சேர்த்து வாயில் வாங்கிச் சப்பும்போது இரண்டு பாலும் வரும். வயிறு நிறையும், மார்புக்கும் வேலை கிடைக்கும்.

இதில் ஒரே சூட்சுமம் கிண்ணத்தின் உயரம். தூக்கிப் பிடித்தால் சப்பாமலே பால் ஓடிவரும், புரையேறும். குழந்தையின் வாய் மட்டத்துக்குக் கீழே வைத்தால் இழுத்தால்தான் வரும். கொஞ்சம் உழைத்துக் குடிக்கட்டும், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. முடிந்தவுடன் சிரிஞ்சால் குழாய்க்குள் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு கலந்த வெந்நீர், கடைசியில் கொதித்து ஆறிய நீர் விட்டுக் கழுவ வேண்டும். உள்ளே பால் படிந்து தெரிந்தால் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலேயே, தத்தெடுத்த குழந்தைக்கும் மார்பில் பால் கொடுப்பதற்காக லாக்ட்-எய்ட் என்ற சாதனம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் நின்றுபோன பாலை மீண்டும் வரவழைப்பது பற்றி 1998-இல் வெளியிட்ட கையேட்டிலும் இந்தக் குழாய் முறை இருக்கிறது. கம்பெனிச் சாதனங்களின் விலை இப்போது ஆயிரங்களில். கிண்ணமும் ட்யூபும் அதே வேலையைச் செய்யும்.

மூன்று வருடம் முன்பு எங்கள் தெரு லைன் வீட்டில் ஒரு பெண். பன்னிரண்டாம் நாளில் குழந்தை பிறந்த எடையை விட முந்நூறு கிராம் குறைவு. காம்பு தட்டையாக இருந்ததால் குழந்தைக்குப் பிடிபடவில்லை. நாலு நாளாகப் பாட்டில். டாக்டர் மேல்பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பசியோடு இருக்கும் குழந்தையிடம் கொள்கை பேசக் கூடாது. எந்த வழியில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம்.

முதலில் சிரிஞ்சு வைத்தியம். பத்து மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனை வெட்டிய பக்கமாக நுழைத்து, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பிடிப்பது. கர்நாடகத்துத் தாவணகெரே மருத்துவர்கள் 1993-இல் எழுதிய முறை இது. நம் பிரசவ வார்டுகளில் அந்த வரலாறு தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

அப்புறம் ட்யூப். நைட் ஷிப்ட் முடித்து வந்த அவள் கணவன் யூனிஃபார்மோடு உட்கார்ந்து கிண்ணம் பிடித்தான். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "என்னப்பா, மார்புக்கே குளுகோஸ் ஏத்துறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் முதல் இரண்டு நாள் அழுதுகொண்டேதான் கொடுத்தாள். மூன்றாம் நாள் பிளாஸ்டர் எங்கே ஒட்ட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். வாராவாரம் எடை பார்த்து, டாக்டர் சொன்னபடி கிண்ணத்துப் பாலைக் குறைத்துக்கொண்டே வந்தோம். நாலாவது வாரம் ட்யூப் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பத்தல என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையைச் சரியாக வாய் வைக்கச் சொல்லிக்கொடுத்தாலே போதும். முதல் வாரம் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் பத்துகிறது. மாறாக, குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால் எனக்குப் போன் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சப்பத் தெம்பில்லாத குழந்தைக்கு இந்த ட்யூப் உதவாது.

இவ்வளவு மலிவான வழி ஏன் பரவவில்லை? பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, அதுதான் காரணம். பாட்டிலுக்கு ஆள் தேவையில்லை. ஊரில் என்றால் தாய்வீடு இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் லைன் வீடுகளில் இருக்கும் பெண்ணுக்குத் தாய்வீடு திருவண்ணாமலையில், இல்லை ஒடிசாவில். அம்மா வந்து ஒரு மாதம் இருப்பாள். பிறகு அறுப்பு வந்துவிடும், போய்விடுவாள்.

2017-இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். அப்படி எடுத்தவளுக்குப் பிறகு மிஞ்சுவது பதினெட்டு, அதாவது நாலு மாதத்துக்குச் சற்று மேல். அதில் முதல் மாதமே பாட்டிலுக்குப் போய்விட்டால், காப்பகத்துக்கு நாலு முறை நடந்து போய் எதைக் கொடுப்பாள்? 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள், நல்ல காரியம். அந்த அறைக்குள் போவதற்கும் பால் நின்றுபோகாமல் இருக்க வேண்டுமே.

அதனால் நான் கேட்பது கட்டடம் இல்லை, ஆள். இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் பெரிய தொழிற்சாலைகளின் மருத்துவ அறைகளிலும் ஒரு நர்ஸுக்காவது இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிரசவ விடுப்பில் போகிற பெண்ணின் போன் நம்பர் பர்சனல் டிபார்ட்மென்டில் இருக்கிறது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அந்த நர்ஸ் கூப்பிட்டு "பால் எப்படிம்மா குடிக்குது?" என்று கேட்கலாம். தேவைப்பட்டால் நேரில் போய் அரை மணி நேரம் உட்காரலாம். இ.எஸ்.ஐ. 26 வாரச் சம்பளம் கொடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஃபோர்மேன்கள் சிரிப்பார்கள். நான் மருத்துவ அறையில் மாதவிடாய் நாப்கின் வைக்கச் சொன்னபோதும் சிரித்தார்கள். பிறகு ஸ்டோர்ஸ் இண்டென்டில் அது நிரந்தரமாக ஏறியது. அதே இண்டென்டில் அஞ்சாம் நம்பர் ட்யூப் பத்து, பேப்பர் பிளாஸ்டர் இரண்டு ரோல், பத்து மில்லி சிரிஞ்சு ஒரு பாக்கெட் என்று இன்னும் மூன்று வரி சேர்த்தால் போதும்.