டைம் மெஷினில் ஒரு பாலே ரிகர்சல்

டைம் மெஷின் கிடைச்சா எங்க போவீங்க? நான் 1862 நவம்பர் 15, பாரிஸ் ஓப்பராவுக்குப் போவேன். அங்கே ரிகர்சலில் இருக்கும் பாலே நடனக்காரி எம்மா லிவ்ரி, நம்ம வயசுப் பொண்ணு. "கேஸ் விளக்குப் பக்கம் பாவாடையை உதறாதே!"ன்னு கத்துவேன். உடை பற்றி எரிந்து, எட்டு மாதம் தீக்காயத்தோடு போராடி 1863 ஜூலையில் இறந்துபோனாள்.

தீப்பிடிக்காத உடை அப்பவே இருந்தது. ரசாயனத்தில் நனைத்த துணி விறைப்பா, மங்கலா இருக்குன்னு அவள்தான் வேண்டாமென்றாள்.

பிடிவாதம்னு அவளைத் திட்டுறது சுலபம். எனக்குக் கோபம் அந்த உடை மேலதான். ஆடுறவளுக்கு ஆட வசதியில்லாத உடையைக் கொடுத்தா எப்படிப் போடுவாள்? ஆசைப்பட்டுப் போட்டுக்கிற மாதிரி இருந்தாத்தான் பாதுகாப்பு காப்பாற்றும். நாளைக்கு நீங்க எதை டிசைன் பண்ணினாலும், எம்மாவை ஒருமுறை நினைச்சுக்கோங்க.