எண்ணெய்க் குடமும் தண்டல் நோட்டும்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் எங்கள் ஆலயத்தின் ஜெப விண்ணப்பப் பெட்டி சீக்கிரமே நிறைந்துவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை, அடகில் இருக்கும் நகை ஏலத்துக்குப் போய்விடக் கூடாது, வட்டிக்காரர் வாசலில் வந்து சத்தம் போடக் கூடாது என்று சீட்டுச் சீட்டாக எழுதிப் போடுகிறார்கள். ஜெபக் குழுவில் இருப்பதால் அவற்றை வாசித்து ஆண்டவரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு. எழுதுகிறவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். பீடி சுற்றுகிறவர்கள், தையல் தைக்கிறவர்கள், கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள். மாதம் இருபதாம் தேதியைத் தாண்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாதவர்கள். ஒரு வழி திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஜெபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 'கையில் இருக்கும் இந்தப் பணத்தில் எதை முதலில் செய்யட்டும், சொல்லும் ஆண்டவரே' என்று கேட்கும் சீட்டை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அந்த விண்ணப்பத்தைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஞானம் குறைவாக இருக்கிறவர் அதைத் தேவனிடம் கேட்கலாம் என்கிறார். நம் வீடுகளில் அந்த வசனத்தைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். ஹால் டிக்கெட்டை வைத்து ஜெபிக்கும்போது சொல்வோம், வாழ்த்து அட்டையில் அச்சடித்துக் கொடுப்போம். அதில் தவறில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை மேலும் கீழும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அது சோதனையில் அகப்பட்டவர்களுக்கு எழுதியது. வசனத்துக்குச் சற்றுக் கீழேயே தாழ்ந்த நிலையிலுள்ள சகோதரனும் ஐசுவரியவானும் வந்துவிடுகிறார்கள். இல்லாமையும் இருப்பும் பேசப்படும் இடத்தில்தான் ஞானம் கேட்கச் சொல்லியிருக்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்துமோ, மளிகைக் கடைப் பற்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கும் அவ்வளவு பொருந்தும்.

அப்படிக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று வேதத்தில் தேடினால், இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தைப் போல எனக்கு உதவியது வேறில்லை. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். பக்தியுள்ள மனிதர், ஆனாலும் கடனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தாய் எலிசாவிடம் ஓடி வந்து முறையிடுகிறாள். எலிசா உடனே அற்புதம் செய்யவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார், அதுவும் கொஞ்சமாக அல்ல. கதவைப் பூட்டிக்கொண்டு அவளும் பிள்ளைகளும் ஊற்றுகிறார்கள். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுவிடுகிறது.

இதுவரைக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். நாம் வேகமாகக் கடந்துபோவது கடைசி வசனத்தை. வீடு நிறைய எண்ணெய் இருந்தும் அவள் தன்னிஷ்டத்துக்கு எதுவும் செய்யவில்லை. எலிசாவிடம் திரும்பி வந்து அறிவிக்கிறாள். அவர் மூன்று காரியம் சொல்கிறார்: எண்ணெயை விற்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், மீந்ததைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். இந்த வரிசைதான் நான் சொல்லவரும் ஞானம். அற்புதம் எண்ணெயைக் கொடுத்தது. ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்த வரிசையும்தான். கடனை அப்படியே விட்டுவிட்டு எண்ணெய்ப் பணத்தில் வீட்டுக்கு வேண்டியதை வாங்கியிருந்தால், அடுத்த வாரமே கடன்காரன் மறுபடி வாசலில் நின்றிருப்பான்.

எங்கள் தெருவில் ஒரு தங்கை இருக்கிறாள். ரவிக்கை தைப்பவள், கணவர் சுமை தூக்குகிறவர். ஒவ்வொரு மாதமும் சம்பளப் பணம் வந்த இரவில் பிள்ளைகள் தூங்கியபிறகு மேசையில் பழைய தபால் உறைகளைப் பரப்பி வைப்பாள். பால், கேஸ், ஃபீஸ், வட்டி, அசல், மருந்து, காணிக்கை என்று உறைக்கு உறை பேனாவால் எழுதியிருக்கும். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. பணத்தை எண்ணி நடுவில் வைத்துவிட்டுத்தான் முழங்கால் போடுவாள். அதைப் பற்றி ஒருநாள் கேட்டதற்கு, "காசு தாரும்னு கேக்கதுக்கு முன்னால இருக்கத அவர்ட்ட காட்டணும்லாக்கா. கணக்க மறைச்சு வச்சுக்கிட்டு என்னத்த ஜெபம் பண்ண?" என்றாள். பல பிரசங்கங்களில் கேட்காத ஒன்றை அந்தப் பதிலில் கேட்டேன்.

அவளுக்குத் தண்டல் கடன் இருந்தது. தண்டல் வாங்காதவர்களுக்காக அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நோட்டில் பத்தாயிரம் என்று எழுதுவார்கள். ஆயிரத்து ஐந்நூறை முன்னாலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்த்தால் நூறுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் முதல் நாளே போய்விட்டது. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நூறாவது நாள் முடியும்போது கையில் பணம் இருக்காது, அடுத்த தண்டலுக்குக் கை நீட்ட வேண்டியதுதான். இப்படியே வருடங்கள் ஓடுகின்றன.

அவள் செய்தது இது. காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு அடகு வைத்தாள். அந்தப் பணத்தில் தண்டலை ஒரே தவணையில் அடைத்தாள். தையல் மெஷினை வைத்துக்கொண்டு பணம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதற்கு மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. திரிகைக் கல்லை ஒருவரும் அடகாக வாங்கக் கூடாது என்று உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மாவு அரைக்கும் கல் போனால் அந்த வீட்டின் பிழைப்பே போய்விடும் என்பதற்காக வைத்த சட்டம். அவள் அந்த வசனத்தை நினைத்து மறுத்தாளோ இல்லையோ, மெஷின் அவள் வீட்டுத் திரிகைக் கல். கம்மல் இல்லாமல் கோவிலுக்கு வரலாம், மெஷின் இல்லாமல் சோறு இல்லை. அந்த மாதங்களில் உறவுக் கல்யாணங்களுக்கு மொய்யைக் குறைத்தாள். ஆனால் முந்தின இரவே போய்க் காய் நறுக்கிக் கொடுத்து, பந்தியில் பரிமாறிவிட்டுத்தான் வந்தாள். யாரும் அவளைக் குறைவாக நினைக்கவில்லை.

இங்கே ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கியிருக்கிறவர்களிடம், 'இப்போது விதையுங்கள், கர்த்தர் நூறத்தனையாய்த் தருவார்' என்று சொல்லிக் காணிக்கை வாங்கும் ஊழியம் நம் நடுவில் பெருகிவிட்டது. கடன் வாங்கிக் காணிக்கை போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். இது தவறு. எலிசா அந்த விதவையிடம் எண்ணெயில் பங்கு கேட்கவில்லை. கடனை அடைக்கச் சொன்னார். இதைச் சொன்னால் உடனே இரண்டு காசு போட்ட ஏழை விதவையைச் சுட்டிக்காட்டுவார்கள். மாற்குவிலும் லூக்காவிலும் அந்தச் சம்பவத்துக்கு முந்தின வசனங்களைப் படியுங்கள். பக்தி வேஷம் போட்டுக்கொண்டு விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டித்த கையோடுதான் அவள் வருகிறாள். அவளுடைய அன்பை அவர் மெச்சினார். அவளிடமிருந்து வாங்கிக்கொண்டவர்களை மெச்சவில்லை.

ஏழைகள் கொடுக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. கொடுப்பது ஏழையின் மரியாதை. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. மிசோரமில் 1910-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கிறார்கள். அதைச் சேகரித்து விற்றுத்தான் அங்குள்ள சபை பல மிஷன் பணிகளை நடத்துகிறது. காஞ்சிப் பெரியவர் சொல்லி நம் ஊர் வீடுகளில் நடந்த பிடி அரிசித் திட்டமும் இதே வகைதான். கைப்பிடி அளவு என்பதால் எந்த வீடும் அதனால் கடனாளி ஆகாது. உலை வைக்கும் முன்பே எடுப்பதால் மிச்சம் மீதியைக் கொடுத்ததாகவும் ஆகாது. அளவும் நேரமும் இரண்டும் சரியாக இருக்கின்றன. அந்தத் தங்கையின் காணிக்கை உறை சிறியதுதான், ஆனால் எந்த மாதமும் அது காலியாக இருந்ததில்லை.

எலிசாவின் சம்பவத்தில் இரவல் பாத்திரங்களும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் கொடுக்காவிட்டால் எண்ணெய் எதில் நிற்கும்? இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜெர்மனியில் வாழ்ந்த ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். 1845-இல் வெயர்புஷ் என்ற ஏழை வட்டாரத்துக்கு மேயரானார். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ரொட்டிச் சங்கம் ஒன்று தொடங்கினார். விவசாயிகள் வட்டிக்காரர்களிடம் மாட்டையும் நிலத்தையும் இழப்பதைக் கண்டு, முதலில் வசதியானவர்களின் தர்மத்தை வைத்து உதவிச் சங்கங்கள் நடத்திப் பார்த்தார். தர்மம் மட்டும் நிலைக்காது, கடன் வாங்குகிறவர்களே அங்கத்தினராகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்க வேண்டும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டு, 1864-இல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். ஒருவரை ஒருவர் அறிந்த ஊருக்குள் மட்டும் கடன், என்ன காரியத்துக்கு என்று கேட்டுத்தான் கடன், எல்லாருக்கும் சேர்ந்த பொறுப்பு. அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. கிறிஸ்தவக் கடமையாகவே இதை எண்ணிச் செய்தார்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். மாகாணத்துக்கு வேண்டியது ரைஃபைசனைப் போன்ற மனிதர்களே என்பது அவர் முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பிறந்தது. அந்தத் தங்கை கம்மலை வைத்துத் தண்டலை அடைத்தாளே, அந்தக் கூட்டுறவு வங்கி வந்த வழி இதுதான்.

கடன்காரன் பிள்ளைகளைக் கேட்டு வருவது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்ததை நாம் மறக்கக் கூடாது. அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான நுண்கடனில், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்திருக்கிறது. அந்தக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. வசூல் செய்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ தொல்லை கொடுக்கக் கூடாது. இந்த விவரங்கள் தெரிந்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

ஆகவே ஆயர்களிடமும் சபைக் கமிட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்கத்து அறையில் ஒரு மேசை போடுங்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் இல்லாத சபை நம் பக்கத்தில் கிடையாது. அவர்களில் வாய் கட்டுப்பாடுள்ள இருவரை அங்கே உட்கார வையுங்கள். கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று ஆண்டவர் முன் அவர்கள் உறுதி கொடுக்கட்டும். வருகிறவர்களின் தண்டல் நோட்டையும் குழுக் கடன் அட்டையையும் வாங்கிப் பார்த்து, எதை முதலில் அடைப்பது, எந்தக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது, எங்கே புகார் கொடுப்பது என்று சேர்ந்து யோசித்து, அதே மேசையில் சேர்ந்து ஜெபியுங்கள். கடன் அடையும்வரை அந்தக் குடும்பத்திடம் எந்தச் சிறப்புக் காணிக்கையும் கேட்காதீர்கள்.