கோபுரம் ஒன்று, ஊர்கள் பல

இலங்கையில் 1989இல் கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமானபோது அது வசதி படைத்தோரின் கருவியாக இருந்தது. இன்று எமது விவசாயிகளின் மடியிலும் அது உண்டு. ஆயினும் ‘உங்கள் கிராமத்துக்கும் அலை வந்துவிட்டது’ என்னும் அறிவிப்பை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

அலை எட்டுவது ஒன்று, அது எத்தனை பேரைத் தாங்கும் என்பது வேறொன்று. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும். ஆகவே கிராமப்புறங்களில் ஒரே கோபுரத்தைப் பல ஊர்கள் பங்கிடுகின்றன. நகரங்களிலோ கோபுரங்களை நெருக்கமாக நாட்டி, வலுவைக் குறைத்து, அதே அலைவரிசையைச் சற்றுத் தள்ளி மீண்டும் பாவிக்கின்றனர். அதனால் ஒரு கோபுரத்துக்குப் பங்காளிகள் குறைவு. குளத்து நீர்ப் பங்கீட்டை அறிந்த எமக்கு இது புதிதல்ல. வாய்க்கால் கடைசி வயல்வரை வெட்டப்பட்டிருக்கலாம். நீர் வருவது மேலே எத்தனை பேர் மடை திறந்துள்ளனர் என்பதைப் பொறுத்தது.

2021இல் பொஹிட்டியாவ மாணவர்கள் பாடத்துக்காகக் குன்றேறியது உலகச் செய்தியானது. கோபுரம் இருந்தும் மாலை வேளையில் ஒரு பாடத்தாளைப் பெற முடியாத ஊர்கள் செய்தியாவது அரிது. (படம் பிடிக்க அங்கே குன்று இல்லையே!)

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கோபுரம் கேட்பதோடு நின்றுவிடலாகாது. மாலை ஏழு மணிக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும், நெரிசல் மிகுந்தால் எப்போது மேலதிக அலைவரிசையோ இன்னொரு கோபுரமோ தரப்படும் என எழுத்தில் கேட்கவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் கோபுரவாரியாக மாலைநேர நெரிசலை வெளியிடச் செய்யவேண்டும்.